வினை மாறும் இடமும் மாறாத இடமும்: ஆங்கில இலக்கணத்தைக் கற்றவர்களும் கற்பித்தவர்களும் சந்தித்தவை

மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்:

பெரியவர்களுக்கு அடிப்படை ஆங்கிலம் கற்பிக்கும் வகுப்பில் அண்மையில் எழுந்த ஒரு கேள்வியை இங்கே பதிவு செய்கிறேன். இத்தகைய கேள்விகளை மற்றவர்கள் எப்படி எதிர்கொண்டார்கள் என்பதையும் அறிய விரும்புகிறேன். 'ஐ டிட் நாட் கேம்' என்று எழுதியிருந்த மாணவர் ஒருவரிடம், 'கேம்' என்பதை அடித்துவிட்டுக் 'கம்' என்று எழுதிக் கொடுத்தேன். அவர், "நடந்து முடிந்த செயல்தானே ஐயா, பிறகு ஏன் நிகழ்கால வடிவம் வருகிறது?" என்று கேட்டார். 'டிட்' வந்தால் வினையின் முதல் வடிவம்தான் வரவேண்டும் என்ற சூத்திரம் அவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். அவர் தேடியது காரணத்தை.

'நான் வந்தேன்' என்பதற்கு எதிர்மறை சொல்லுங்கள் என்றேன். 'நான் வரவில்லை' என்றார். 'வந்தவில்லை' என்று ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது வகுப்பே சிரித்தது. பிறகு, கேள்வி எங்கே போகிறது என்று புரிந்ததும் அமைதியாயிற்று. 'வந்தேன்' என்பதில் இருந்த காலமும், தன்மை, முன்னிலை, படர்க்கை என்ற இடமும் 'வரவில்லை' என்பதில் வினைப்பகுதியை விட்டு நீங்கிவிடுகின்றன. 'வர' என்ற வெறும் வடிவமே மிஞ்சுகிறது. நான் வரவில்லை, அவள் வரவில்லை, அவர்கள் வரவில்லை என்று எழுவாய் எதுவானாலும் வினை அசைவதில்லை. ஆங்கிலத்திலும் 'டிட் நாட் கம்' எல்லா எழுவாய்க்கும் பொதுவானது. காலத்தைச் சுமக்கும் வேலையைத் துணைவினை ஏற்றுக்கொண்டதால் முதன்மை வினை வெறுங்கையோடு நிற்கிறது. நிகழ்காலத்தில் 'ஹீ டஸ் நாட் கம்' என்னும்போதும் இதுவே நடக்கிறது: 'ஹீ கம்ஸ்' என்பதில் வினையின் இறுதியில் ஒட்டியிருந்த 'எஸ்' இப்போது 'டு' என்பதோடு ஒட்டிக்கொண்டு 'டஸ்' ஆகிறது. ஒரு வாக்கியத்தில் அதற்கு ஒரே இடம்தான். ஆகவே 'டஸ் நாட் கம்ஸ்' என்பது ஒரே சுமையை இருவர் தலையிலும் ஏற்றுவதாகும்.

அதே நாளில் இன்னொருவர் 'ஷீ கேன்ஸ் கம்' என்று எழுதியிருந்தார். 'அவள் வரலாம், நான் வரலாம், அவர்கள் வரலாம்' என்று சொல்லிப் பார்க்கச் சொன்னேன்; 'வரவேண்டும்', 'வரமுடியும்' ஆகியவையும் அப்படியே என்று அவரே சேர்த்துக்கொண்டார். 'கேன்', 'மே', 'மஸ்ட்', 'ஷுட்' போன்றவை 'எஸ்' ஏற்பதில்லை என்பதைத் தனி விதியாக அவர் எழுதிவைக்க வேண்டிய தேவை பிறகு எழவில்லை.

கேள்வி வாக்கியத்தில் மட்டும் இந்த வழி அடைபடுகிறது. 'வந்தானா' என்பதில் காலமும் இடமும் வினையிலேயே தங்கி, இறுதியில் 'ஆ' மட்டும் சேர்கிறது; 'டிட் ஹீ கம்' என்பதிலோ எல்லாம் முன்னே போய்விடுகின்றன. அங்கே பயிற்சியைத் தவிர வேறு உதவி எனக்குக் கிடைக்கவில்லை.

அலுவலகக் கடிதங்களைச் சரிபார்ப்பவர்:

ஆசிரியர் சொன்ன 'வரவில்லை' எடுத்துக்காட்டைப் படித்தபோது, எழுவாய்க்கும் வினைக்கும் இடையிலான இயைபில் தமிழ் எங்கே உதவுகிறது, எங்கே காலை வாருகிறது என்று நான் பார்த்தவற்றையும் சொல்லலாம் என்று தோன்றியது.

என்னிடம் வரும் ஆங்கிலக் கடிதங்களில் அடிக்கடி காணப்படுவது, 'த லிஸ்ட் ஆஃப் புக்ஸ் ஆர் அட்டாச்ட்' என்ற வகை வாக்கியம். எழுவாய் 'லிஸ்ட்', அது ஒருமை, ஆகவே 'இஸ்' வரவேண்டும். வினைக்கு அருகில் 'புக்ஸ்' நிற்பதால் எழுதுபவரின் காது அதற்கு இணங்கிவிடுகிறது. இதை ஆங்கிலம் தெரியாததால் வரும் பிழை என்று நான் எண்ணியதில்லை, ஏனென்றால் 'புத்தகங்களின் பட்டியல் இணைக்கப்பட்டுள்ளன' என்ற தமிழ் வாக்கியத்தையும் அதே மேசையில் அதே கைகளிலிருந்து பெற்றிருக்கிறேன். ஒருமுறை இரண்டு கடிதங்களையும் அருகருகே வைத்து, எழுதிய இளைஞரிடம் "எது இணைக்கப்பட்டுள்ளது?" என்று மட்டும் கேட்டேன். "பட்டியல்" என்றார், இரண்டு கடிதங்களையும் அவரே திருத்தினார்.

அஃறிணைப் பன்மை இன்னொரு பள்ளம். 'மரங்கள் விழுந்தன' என்று எழுத்தில் எழுதுவோம். பேச்சில் 'மரங்கள் விழுந்தது' என்றே பெரும்பாலும் சொல்கிறோம். 'இரண்டு புத்தகம் வேண்டும்' என்பதும் நமக்கு இயல்பாகவே ஒலிக்கிறது. பேச்சில் இந்தத் தளர்ச்சிக்குப் பழகியவருக்கு 'த ட்ரீஸ் ஹேஸ் ஃபாலன்' என்பதிலும் 'டூ புக்' என்பதிலும் எந்த உறுத்தலும் தோன்றாது. உயர்திணையில் இந்தத் தொல்லை இல்லை; 'பையன்கள் வந்தான்' என்று யாரும் சொல்வதில்லை. எனவே மனிதர்களைக் குறிக்கும் எழுவாய் வரும் வாக்கியங்களைச் சரியாக எழுதுபவர்கூடப் பொருள்களைக் குறிக்கும் எழுவாயில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். பயிற்சித் தாள் தயாரிப்பவர்கள் மனித எழுவாய்களையே மீண்டும் மீண்டும் கொடுக்காமல் இயந்திரம், கோப்பு, சாலை, விதி என்று அஃறிணையைக் கூடுதலாகக் கொடுத்தால் நல்லது.

'எவ்ரிஒன்' பற்றியும் ஒரு சொல். 'எல்லாரும் வந்துவிட்டார்கள்' என்பது பன்மையாக இருப்பதால் 'எவ்ரிஒன் ஹேவ் கம்' என்று எழுதத் தோன்றுகிறது. ஆங்கிலத்தில் 'எவ்ரிஒன்', 'ஈச்', 'எவ்ரிபடி' ஆகியவை ஒருமை வினை பெறுவன. 'எவ்ரிஒன் ஹேஸ் கம்' என்பதே சரி. 'போலீஸ்', 'பீப்பிள்' ஆகியவை 'எஸ்' இல்லாமலேயே பன்மை. 'நியூஸ்', 'மேத்தமேட்டிக்ஸ்' ஆகியவை 'எஸ்' இருந்தும் ஒருமை. 'டீம்', 'கமிட்டி' போன்ற கூட்டுப்பெயர்கள் பிரிட்டன் வழக்கில் ஒருமையாகவும் பன்மையாகவும் வரும். அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் ஒருமைதான். இவற்றுக்குக் காரணம் கேட்பவரிடம் நான் வாதாடுவதில்லை. மரபு என்று சொல்லிவிடுவேன். நன்னூல் வழியில் வழுக்களை எண்ணும்போது திணை, பால், இடம், காலம், வினா, விடை ஆகியவற்றோடு ஏழாவதாக மரபையும் சேர்ப்பது நமக்குத் தெரிந்ததே.

பணியில் சேர்ந்த பிறகு ஆங்கிலம் கற்றவர்:

நான் மாணவர் வரிசையில் இருப்பவள். என் ஐயம் 'பிரசன்ட் பர்ஃபெக்ட்' பற்றியது. 'ஐ ஹேவ் சீன்' என்பதற்குப் 'பார்த்திருக்கிறேன்' என்று பொருள் சொல்லித் தந்தார்கள். 'ஹேவ்' இருக்கும் இடத்தில் தமிழிலும் 'இருக்கிறேன்' இருப்பதால் இதில் கடினம் ஒன்றுமில்லை என்று தோன்றியது. ஆனால் 'போன ஆண்டு அங்கே போயிருக்கிறேன்' என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம் என்னும்போது, 'லாஸ்ட் இயர்' சேர்ந்தவுடன் ஆங்கிலத்தில் 'ஐ ஹேவ் கான்' தகாது, 'ஐ வென்ட்' என்றே சொல்லவேண்டும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

எனக்குக் கற்பித்த அம்மையார் விதி எதையும் சொல்லாமல், "அந்த ஆண்டு முடிந்துவிட்டதா?" என்று கேட்டார். முடிந்துவிட்டது என்றேன். "அப்படியானால் அந்தக் கதவு மூடிவிட்டது, மூடிய கதவுக்குப் பின்னால் நடந்ததற்கு 'வென்ட்'. 'திஸ் இயர்' என்றால் கதவு இன்னும் திறந்திருக்கிறது, அங்கே 'ஹேவ்' நுழையலாம்" என்றார். அதன்பின் 'எஸ்டர்டே', 'லாஸ்ட் வீக்', 'இன் 2015', 'டென் இயர்ஸ் அகோ' என்று எந்தச் சொல் வந்தாலும் கதவு மூடியதா, திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன்.

இதன் மறுபக்கம் இன்னும் நுட்பமானது. 'ஐந்து ஆண்டுகளாக இங்கே வேலை செய்கிறேன்' என்பதில் தமிழ் வினை வெறும் நிகழ்காலம். அதை அப்படியே கொண்டுபோனால் 'ஐ ஆம் ஒர்க்கிங் ஹியர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்' என்றாகும். கடந்த காலத்தில் தொடங்கி இந்த நொடிவரை நீளும் செயலுக்கு ஆங்கிலம் 'ஐ ஹேவ் பீன் ஒர்க்கிங்' என்ற நீண்ட வடிவத்தைக் கேட்கிறது. தமிழில் அந்த நீட்சியைச் சுமப்பது 'ஆண்டுகளாக' என்பதன் ஈற்றில் உள்ள 'ஆக'; ஆங்கிலத்தில் அதை வினையே சுமக்கிறது. நேர்முகத் தேர்வுகளில் முதல் இரண்டு நிமிடங்களுக்குள் இந்த வாக்கியம் வந்துவிடும் என்பதால், வேலை தேடுபவர்கள் வேறு எதைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடக் கூடாது என்பது என் கருத்து.

மொழிபெயர்ப்பாளர்:

சுருக்கமாக ஒன்று. 'இஃப் இட் வில் ரெயின்' என்று எழுதும் மாணவர்களைப் பலரும் சந்தித்திருப்பீர்கள். 'பெய்தால்' என்பதில் எதிர்கால இடைநிலை இல்லை என்பதைக் காட்டினாலே போதும்; நடக்கப்போகும் மழையைப் பற்றிப் பேசும்போதும் நிபந்தனைப் பகுதியில் தமிழும் எதிர்காலத்தை வைப்பதில்லை, ஆங்கிலமும் 'இஃப் இட் ரெயின்ஸ்' என்று நிறுத்திக்கொள்கிறது. 'வென்' சேரும்போதுதான் சிக்கல்: 'அவர் வரும்போது' என்பதில் 'வரும்' இருப்பதால் 'வென் ஹீ வில் கம்' என்று கை தானாக எழுதுகிறது, வேண்டியது 'வென் ஹீ கம்ஸ்'. பிறர் கூற்றைச் சொல்வதிலும் எச்சரிக்கை தேவை. 'நாளை வருகிறேன் என்றார்' என்று சொன்னவரின் காலத்தை அப்படியே காப்பது தமிழ் இயல்பு. 'ஹீ செட் ஹீ வுட் கம்' என்று ஒரு படி பின்னே தள்ளுவது ஆங்கில இயல்பு.

சிறுவர்களுக்குக் கற்பிப்பவர்:

'கோ' என்பதன் இறந்தகாலத்தைக் கேட்டால் 'கோட்' என்று சொல்லும் குழந்தையைப் பெற்றோர் கடிந்துகொள்வதைக் கண்டு வருந்தியிருக்கிறேன். யாரும் கற்றுத் தராத ஒரு வடிவத்தை அந்தக் குழந்தை உண்டாக்கியிருக்கிறது என்றால், 'இ', 'டி' என்ற இரண்டெழுத்து ஈற்றைச் சேர்த்து இறந்தகாலம் அமைக்கும் விதி அதன் மனத்தில் பதிந்துவிட்டது என்று பொருள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளும் இந்தக் கட்டத்தைக் கடந்தே வருகிறார்கள். 'வென்ட்' உண்மையில் 'வெண்ட்' என்ற வேறொரு வினையின் இறந்தகாலம். காலப்போக்கில் 'கோ'வின் வீட்டுக்குக் குடிவந்துவிட்டது. குழந்தைகளிடம் இதைச் சொன்னால் மறப்பதே இல்லை.

ஒழுங்கற்ற வினைகள் ஏறத்தாழ 200 இருக்கலாம். அவற்றை அகர வரிசையில் அச்சிட்டு ஒப்பிக்கச் சொல்வதை நான் ஏற்பதில்லை. பி, ஹேவ், டு, கோ, சே, கெட், மேக், நோ, சீ, டேக் என்று அன்றாடம் மிகுதியாகப் புழங்குபவையே ஒழுங்கற்றவை. மிகுதியாகப் புழங்கியதால்தான் பழைய வடிவங்கள் தேயாமல் நின்றன. முதலில் இவற்றைப் பேச்சில் ஊறவிட்டால் போதும்.

'யூ' ஒருவரையே குறித்தாலும் ஏன் 'ஆர்' என்று ஒரு சிறுமி கேட்டாள். ஒருவரைக் குறிக்க ஆங்கிலத்தில் முன்பு 'தௌ' இருந்தது. 'யூ' பலரைக் குறித்தது. மரியாதைக்காக ஒருவரையும் 'யூ' என்று அழைக்கத் தொடங்கி, நாளடைவில் 'தௌ' வழக்கொழிந்தது. "அதாவது 'நீங்கள்' மட்டும் மிஞ்சி 'நீ' போய்விட்டதா, டீச்சர்?" என்றாள். அதற்குமேல் நான் விளக்க ஒன்றுமில்லை. 'எஸ்' ஈறும் இப்படி மிஞ்சிய ஒன்றுதான். 1611இல் வெளிவந்த ஜேம்ஸ் மன்னர் விவிலிய மொழிபெயர்ப்பில் படர்க்கை ஒருமைக்கு 'எத்' ஈறும், 'தௌ'வுக்கு 'எஸ்ட்' ஈறும் வருவதைக் காணலாம். இன்றைய பொது ஆங்கிலத்தின் நிகழ்கால வினைகளில் எஞ்சியிருப்பது இந்த 'எஸ்' ஒன்றே. ஏன், ஆய், ஆன், ஆள், ஆர், அது என்று இத்தனை விகுதிகளைத் தடுமாறாமல் கையாளும் தமிழ்க் குழந்தை ஒன்றே ஒன்றை மறப்பதற்குக் காரணம், மற்ற எல்லா இடங்களும் வெறுமையாக இருப்பதால் அதன் கவனம் தளர்வதுதான் என்பது என் எண்ணம்.

கல்லூரி மாணவர்களுக்குப் பயிற்சி அளிப்பவர்:

மேலே எழுதியவர்களோடு ஓரளவு மாறுபடுகிறேன். தமிழோடு ஒப்பிட்டே கற்பித்தால், மாணவர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தமிழில் அமைத்துப் பிறகு ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கத்திலிருந்து வெளிவருவதே இல்லை. 'ஐ ஆம் நோயிங்', 'ஷீ இஸ் ஹேவிங் எ கார்', 'ஐ ஆம் பிலீவிங் இட்' ஆகிய மூன்றும் எங்கிருந்து வருகின்றன? நிகழ்காலம் காட்டும் 'கிறு' எங்கே கண்ணில் பட்டாலும் 'இங்' போடும் பழக்கத்திலிருந்துதான். இதற்கு ஒப்பீட்டு முறை என்ன விடை சொல்லும்?

மாலை வகுப்பு நடத்தும் ஆசிரியர்:

உங்கள் மூன்று எடுத்துக்காட்டுகளில் முதலாவதைத் தமிழ் மீது சுமத்த முடியாது. 'எனக்குத் தெரிந்துகொண்டிருக்கிறது' என்று யாரும் சொல்வதில்லை. எனக்குத் தெரியும், எனக்குப் பிடிக்கும், எனக்கு வேண்டும் என்று 'எனக்கு' முன்னால் வரும் வினைகளை என் வகுப்பில் பட்டியலிடச் சொன்னேன். அவற்றுக்கு ஈடான 'நோ', 'லைக்', 'வான்ட்' ஆகியவை ஆங்கிலத்திலும் பெரும்பாலும் 'இங்' ஏற்காதவை என்பதை மாணவர்கள் தாங்களே கண்டார்கள். அதே பட்டியல் இன்னொரு பிழையின் வேரையும் காட்டியது: எனக்கும் 'தெரியும்', அவளுக்கும் 'தெரியும்' என்று தமிழ் வினை மாறாமல் நிற்பதால்தான், வேறு வினைகளில் 'எஸ்' போடத் தவறாதவர்கள்கூட 'ஷீ நோ' என்று எழுதிவிடுகிறார்கள்.

மற்ற இரண்டிலும் நீங்கள் சொல்வது சரி. 'இருக்கிறது', 'நம்புகிறேன்' ஆகியவற்றில் 'கிறு' வெளிப்படையாக இருக்கிறது. ஒப்பீடு அங்கே வழிகாட்டாது, தவறான வழியைத்தான் காட்டும். 'ஹேவ்', 'பிலீவ்', 'ரிமெம்பர்', 'பிலாங்' ஆகியவற்றை நான் தனித் தாளில் எழுதிக் கொடுத்து, உடைமைப் பொருளில் 'ஹேவிங்' வராது என்றும், உண்பதையோ நேரம் கழிப்பதையோ குறிக்கும்போது வரலாம் என்றும் தமிழை இழுக்காமலேயே கற்பிக்கிறேன். வாக்கியத்தை ஆங்கிலத்திலேயே அமைக்கும் பழக்கத்துக்கு நீங்கள் தரும் பயிற்சிகள் எவை என்று எழுதினால், அடுத்த வகுப்பில் இந்த நான்கு வினைகளோடு முதலில் செய்து பார்ப்பேன்.