புதுப்பிப்பு: ஈறில் ரத்தம், ஆடும் கடைவாய்ப் பல் – சிகிச்சைக்குப் பிறகு

பல் துலக்கினால் ஈறில் ரத்தம் வருகிறது, கடைவாய்ப் பல் ஒன்று லேசாக ஆடுகிறது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

"பேஸ்ட்டை மாற்றிப் பயனில்லை, ஈறு நிபுணரிடம் போய் ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலான ஆழத்தை அளக்கச் சொல்லுங்கள்" என்ற யோசனைதான் கைகொடுத்தது. அளவுக்கோடு போட்ட மெல்லிய கம்பியை ஈறுக்கும் பல்லுக்கும் நடுவே விட்டு, ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடத்தில் அளந்தார்கள். 3 மில்லிமீட்டர் வரை பரவாயில்லை. எனக்குப் பின்பற்களில் 5, 6. எக்ஸ்ரேயில் எலும்பும் கொஞ்சம் கரைந்திருந்தது. ஈறு வீக்கத்தோடு நின்றிருந்தால் முழுக்கச் சரியாகும். எலும்பு போனால் தானாக வளராது, மேலும் போகாமல் நிறுத்தத்தான் சிகிச்சை.

மரத்துப்போக ஊசி போட்டு, ஈறுக்கு அடியில் வேரில் படிந்து இறுகிய அழுக்கான பற்காரையைச் சுரண்டி எடுத்தார்கள். வலியைவிட அந்தச் சத்தம்தான் கொடுமை. மறுபடி அளந்தபோது பெரும்பாலும் 3, 4; ரத்தம் நின்றுவிட்டது, பல் ஆட்டமும் குறைந்திருக்கிறது. ஓர் இடம் மட்டும் 6லேயே நிற்கிறது. அங்கே ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் ஃபிளாப் சர்ஜரி தேவைப்படலாம்.

எதிர்பாராதது: வீக்கம் வடிந்ததும் பல்லிடுக்கில் சந்து தெரிந்தது, குளிர்ந்த தண்ணீர் பட்டால் கூசியது. பல்லைத் தேய்த்துவிட்டார்கள் என்று பயப்படாதீர்கள். காரையும் வீக்கமும் அடைத்திருந்த இடம்தான் அது. அப்புறம், மருத்துவர் கொடுத்த குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி மவுத்வாஷ் பல்லில் பழுப்புக் கறை விட்டது. எழுதிக்கொடுத்த காலத்துக்கு மேல் தொடர வேண்டாம். இடுக்கில் நுழையும் குட்டி பிரஷ் சொன்னவருக்குத் தனி நன்றி, ஃபிளாஸைவிட எனக்கு அது எளிது. சர்க்கரை நோயாலும் ஈறு கெடலாம் என்று ரத்தச் சர்க்கரை பார்க்கச் சொன்னவருக்கு: பார்த்தாயிற்று, இயல்பாக இருக்கிறது.