மண்சட்டி நூதனசாலை: மண்டபத்துக்கு முதல் சூளையைப் பாப்பம்

எல்லாருக்கும் வணக்கம்,

எங்கட சங்கம் ஊரில கட்டப்போற மண்சட்டி நூதனசாலைக்கு அண்ணை அனுப்பின கட்டிடப் பிளானைப் பாத்தன், வடிவா இருக்கு. ஆனா சிலாப் போட்ட மண்டபம், கண்ணாடி அலுமாரி, வாசலில பேர்க்கல்லு எண்டு காசு முழுக்க அதிலயே போகுது, சட்டி செய்யிற ஆளுக்கும் சக்கரத்துக்கும் அதில இடமே இல்லை. எனக்கு அதுதான் மனசுக்குள்ள கிடந்து அரிக்குது.

ஆவணியில ஊருக்குப் போனனான். பழைய வளவில விழுந்து கிடந்த சுவரைக் கிண்டேக்க அப்பாச்சின்ர தண்ணிப்பானை வந்துது, வாய்தான் உடைஞ்சிருக்கு, அடி முழுசா இருக்கு. கழுவிப்போட்டு உள்ளுக்க கையை விட்டுத் தடவினா குழி குழியாத் தட்டுப்படுது. பெரிய பானையில வாயும் கழுத்தும்தான் சக்கரத்தில எடுக்கிறது, பிறகு கொஞ்சம் இறுகவிட்டு உள்ளுக்க ஒரு கல்லைக் குடுத்து வெளியால பலகையால தட்டித் தட்டித்தான் அடியை மூடுறது, அந்தக் கல்லு பட்ட தடம்தான் அது. பக்கத்தில பனையில கட்டிச் சாறு பிடிக்கிற முட்டிப் பானைன்ர துண்டொண்டும் கிடந்துது, உள்பக்கம் சுண்ணாம்பு வெள்ளையாப் படிஞ்சபடி. கள்ளு முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுறேல்லை, புளிக்காத இனிப்புப் பதநீர், அந்தக் கருப்பணிக்குத்தான் பூசுறது, அப்ப எங்கட வளவுப் பனையில கருப்பணி இறக்கியிருக்கினம், அது அம்மாவுக்கே தெரியாது. இந்தத் துண்டை அலுமாரிக்குள்ள வைச்சு மண்பாத்திரம் எண்டு ஒரு மட்டை எழுதிவிட்டா பாக்கிற பிள்ளைக்கு என்ன விளங்கும்?

ஊரில இப்ப சட்டி வனையிறது ஒரு ஐயா மட்டும்தான். குளம் வத்துற ஆடி ஆவணியிலதான் மண் எடுக்கலாம், ஊறவைச்சு மிதிச்சுக் கல்லுப் பொறுக்கி, மாரி இறங்க முதல் சூளை வைச்சு முடிக்கவேணும், தைப்பொங்கல் பானையும் அதுக்குள்ளதான் சுட்டு அடுக்கிறது. இந்த முறை மண் அள்ளுற பெர்மிட்டுக்கு அலைஞ்சு திரிஞ்சே அவருக்கு ஆடி போச்சுது. எருமைத் தயிருக்குச் சட்டி கேட்டு வாறவையும் குறைவாம், பிளாஸ்டிக் கப்பில ஊத்துகினம். மண்சட்டி தண்ணியை உறிஞ்சுறதாலதான் வன்னித் தயிர் கட்டியா நிக்கிறது, அதைச் சாப்பிட்டு வளந்த எங்களுக்கு நான் சொல்லித் தரத் தேவையில்லை.

மன்னார் கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் தொல்லியல் பேராசிரியர் புஷ்பரட்ணம் ஆக்கள் கிண்டி எடுத்த சுடுமண் உருவங்களைப் பற்றிப் பேப்பரில வாசிச்சு நாங்கள் எல்லாரும் பெருமைப்பட்டம். அந்த வேலை தெரிஞ்ச கை இப்பவும் எங்கட ஊரில உயிரோட இருக்கேக்க அதை விட்டிட்டு மண்டபம் கட்டினா சரிவராது.

அதால நான் கேக்கிறது, முதல் ஒரு கிடுகுக் கொட்டில், ஒரு சக்கரம், ஒரு சூளை. ஐயாவுக்கு மாசாமாசம் சம்பளம், அவரோட நிண்டு பழக ரெண்டு பெடியள், அவைக்கும் சம்பளம், சும்மா வந்து பழகு எண்டா ஆர் வருவினம். மண் மிதிக்கிறதில இருந்து சூளை பிரிக்கிறது வரைக்கும் வீடியோ எடுக்கவேணும், அவர் வாயில வாற சொல்லுகளோட. வளந்து எண்டா என்னெண்டு இங்க வெளிநாட்டில பிறந்த என்ர பிள்ளையளுக்குத் தெரியாது, பொங்கல் பானை எண்டுதான் சொல்லிக் குடுத்தனான்.

மற்றது முல்லைத்தீவு ஒட்டுசுட்டானில கூரை ஓடு செய்த தொழிற்சாலை, அதின்ர கதையும் நூதனசாலையில இருக்கவேணும். அங்க வேலை செய்தாக்கள்ன்ர பிள்ளையள் பாரிஸிலயும் ரொறன்ரோவிலயும் இதை வாசிப்பியள், அப்பாமாரோட இப்பவே கதைச்சு ரெக்கோட் பண்ணுங்கோ, பழைய போட்டோ இருந்தா ஸ்கேன் பண்ணி அனுப்புங்கோ. 2008ல சண்டைக்குள்ள இடம்பெயரேக்க கூரை ஓட்டைக் கழட்டி ரக்ரரில ஏத்திக்கொண்டு போனது நினைவிருக்குத்தானே, அதில ஒரு ஓடாவது ஆரிட்டயும் மிஞ்சியிருந்தா நூதனசாலைக்கு அதுதான் முதல் பொருள் எண்டு நான் சொல்லுவன்.

என்ர பங்குக் காசைச் சூளைக்கெண்டு தனியா எழுதிவிடுங்கோ அண்ணை. மண் எடுக்கிறது இனி வாற ஆடிக்குத்தான், பெர்மிட்டுக்குச் சங்கத்தின்ர பேரில இப்பவே கடிதம் குடுத்தா நல்லம்.

அப்பாச்சின்ர பானை சித்தி வீட்டுப் பின்பத்தியில சாக்குக்கு மேல இருக்கு. மார்கழியில போறவை எடுத்துக் குடுங்கோ, தூக்கேக்க வாயில பிடிக்காதேங்கோ, அடியில ரெண்டு கையும் குடுத்துத் தூக்குங்கோ.