கலை வரலாறு படிக்க: கடலோர செயின்ட் ஆண்ட்ரூஸா, நம்ம சேலமா?

சேர்வராயன்
பிளஸ் டூ முடித்துக் கலை வரலாறு படிக்க நினைக்கும் சேலத்துப் பிள்ளைகள் லண்டனை மட்டுமே பார்க்கிறார்கள். ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரையில் உள்ள செயின்ட் ஆண்ட்ரூஸையும் பாருங்கள் என்பேன். 1413இல் தொடங்கிய பல்கலைக்கழகம், நடந்தே சுற்றிவிடலாம் என்கிற அளவு ஊர். பட்டத்தின் பெயர் எம்.ஏ. ஹானர்ஸ். அது நான்காண்டு இளநிலைப் படிப்பு, முதுகலை என்று நினைத்து ஏமாற வேண்டாம். முதல் இரண்டு ஆண்டும் கலை வரலாற்றோடு வேறு பாடங்களையும் எடுத்துப் பார்த்துவிட்டு, மூன்றாம் ஆண்டில்தான் ஊன்ற வேண்டும். பள்ளியில் இந்தப் பாடத்தின் பெயரையே கேட்டிராத பிள்ளைக்கு அந்த அவகாசம் பெரிய கொடை.

தாரை மண்டபம்
ஒத்துக்கொள்ள முடியவில்லைங்க. அந்த ஊரில் பார்க்க என்ன மிச்சம் இருக்கிறது? 1559இல் கிறிஸ்தவ மதச் சீர்திருத்தத்தின்போது கதீட்ரலில், அதாவது தலைமைத் தேவாலயத்தில், இருந்த உருவங்களையெல்லாம் உடைத்துப் போட்டார்கள். இன்று நிற்பது மொட்டைச் சுவர். நல்ல ஓவியம் வேண்டுமென்றால் எடின்பரோ போக வேண்டும். ஊரில் ரயில் நிலையமும் கிடையாது. பக்கத்து ஊரான லூகர்ஸ் வரை பஸ், அங்கிருந்து சுமார் ஒரு மணி நேர ரயில்.

இங்கே தாரமங்கலத்துக்கு சேலத்திலிருந்து டவுன் பஸ் ஏறினால் போதும். கைலாசநாதர் கோயிலில் ராமர் இருக்கும் தூணருகே நின்றால் வாலியும் சுக்ரீவனும் மோதுவது தெரியும். வாலி பக்கம் போய் நின்று திரும்பினால் ராமர் தெரியமாட்டார். மறைந்திருந்து அம்பு விட்ட கதையைத் தூண்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியை வைத்தே சொல்லியிருக்கிறார் சிற்பி. வகுப்பறைத் திரையில் எத்தனை படம் ஓட்டினாலும் இது பிடிபடாது. காலால் நடந்துதான் பார்க்க வேண்டும்.

சேர்வராயன்
தாரமங்கலத்தை யார் மறுத்தார்கள்? ஆனால் பார்க்க வேண்டிய பொருள் என்றால் எண்ணெய் ஓவியம் ஒன்றுதானா? அந்தக் கதீட்ரல் அருங்காட்சியகத்திலேயே ஸ்காட்லாந்தின் பழங்கால மக்களான பிக்ட்கள் செதுக்கிய கல்பேழை இருக்கிறது. 1833இல் மண்ணுக்கடியில் கிடைத்தது. சிங்கத்தின் வாயைப் பிளக்கும் பைபிள் அரசர் தாவீது அதில் இருக்கிறார்.

அதைவிட முக்கியம் புகைப்படம். ஆங்கிலேயரான டால்பட் 1841இல் தன் காலோடைப் என்ற புகைப்பட முறைக்கு இங்கிலாந்தில் காப்புரிமை வாங்கினார், ஸ்காட்லாந்தில் வாங்கவில்லை. அதனால் செயின்ட் ஆண்ட்ரூஸ்காரர்கள் கட்டணம் கட்டாமல் செய்து பார்த்தார்கள். புகைப்பட வரலாற்றில் ஓவியர் ஹில்லோடு சேர்த்துப் பேசப்படும் ராபர்ட் ஆடம்சன் அந்தப் பகுதிக்காரர்தான். தாளில் வெள்ளி உப்பைப் பூசி நெகட்டிவ் எடுக்கும் முறைதான் காலோடைப். பிரதி போடும்போது ஒளி தாளின் நாருக்குள் புகுந்து வருவதால் விளிம்புகள் கூராக விழாது, கரித்துண்டில் வரைந்த மாதிரி இருக்கும். பல்கலைக்கழக நூலகத்தின் தொகுப்பில் அந்தக் காலத்துப் படங்களே இருக்கின்றன.

சேலத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். மதராஸ் அரசின் புகைப்படக்காரர் லின்னேயஸ் டிரைப் 1858இல் வெளியிட்ட தொகுதிகளில் ஒன்று, ராயக்கோட்டையும் அன்றைய சேலம் மாவட்டத்தின் பிற இடங்களும் பற்றியது. அவரும் தாள் நெகட்டிவ்தான் பயன்படுத்தினார். அன்றைய ரசாயனப் பூச்சு நீல ஒளியை அளவுக்கு மீறி வாங்கிக்கொள்ளும். தரை சரியாக விழுவதற்குள் வானம் வெளுத்துவிடும். டிரைப் நெகட்டிவ் மேலேயே வண்ணம் தீட்டி மேகம் சேர்த்தார். இது தெரியாமல் படத்தைப் பார்ப்பவர் அன்று மழைமேகம் திரண்டிருந்தது என்று எழுதிவிடுவார். நம் மாவட்டத்தின் படத்தைச் சரியாகப் படிக்க, தாள் நெகட்டிவ் புழங்கிய ஊரில் பயிற்சி எடுப்பது வீணா?

கல்லுளி
கடலோரம்தான் வேண்டுமென்றால் மாமல்லபுரத்தில் அரசு சிற்பக் கல்லூரி இருக்கிறதே, 1957லிருந்து. அங்கே கற்றுத் தருவது செய்கை. நவதாலம் என்ற சிலை அளவு முறைக்கு உயரம் 108 அங்குலம், உத்தம தசதாலத்துக்கு 124 என்று அளவு கையில் ஏறிவிடும் (இந்த அங்குலம் இன்ச் அல்ல, சிலையின் உயரத்தைப் பங்கிட்டு வரும் அலகு). அதன்பிறகு எந்தச் சிலையைப் பார்த்தாலும் கை தானாக அளக்கும். கலை வரலாறு எழுதுவது வேறு வேலைதான், மறுக்கவில்லை.

தாரை மண்டபம்
டிரைப் விஷயம் நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிசை மாறக் கூடாது. இங்கே கை பழகாமல் அங்கே போகிற பிள்ளை மற்றவர் எழுதியதையே திருப்பி எழுதும். கல்வெட்டுப் படி எடுப்பதையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் கோயில் செயல் அலுவலரிடம் எழுத்தில் அனுமதி. கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்து நீர்விட்டுக் கழுவி, நனைத்த தாளை ஒட்டி, நடுவிலிருந்து ஓரத்துக்குப் பிரஷ்ஷால் அடித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். தாள் எழுத்துப் பள்ளத்துக்குள் இறங்கி, அரை ஈரமாக வந்தபின்தான் மைப்பந்தால் ஒற்ற வேண்டும். அவசரப்பட்டு ஈரத்தில் ஒற்றினால் மை ஊறிக் கல்லிலேயே கறை பிடிக்கும், அடுத்த முறை அனுமதி கிடைக்காது. நன்றாகக் காயவிட்டாலோ தாள் கல்லைவிட்டுக் கிளம்பிவிடும், எழுத்தின் ஓரம் இரட்டையாக விழும்.

சேலத்தில் பி.ஏ. வரலாறு, பிறகு பரோடா நுண்கலைப் புலத்தில் கலை வரலாற்று முதுகலை. செலவும் கட்டுப்படும்.

சேர்வராயன்
செலவில் உங்கள் பக்கம்தான் நியாயம். போகத் துணிந்த குடும்பத்துக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். விசாவுக்கு முதலாண்டுக் கட்டணத்தில் கட்ட வேண்டிய பாக்கியும் 9 மாத வாழ்க்கைச் செலவும் வங்கியில் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் விண்ணப்பம் போய்விடும்.

பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பக் கட்டுரை இப்போது 3 கேள்வி, மொத்தம் 4000 எழுத்துகள், இடைவெளியும் கணக்கில் சேரும். ஒவ்வொரு பதிலும் 350க்குக் குறையக் கூடாது. சிறுவயது முதலே கலையில் ஆர்வம் என்று தொடங்கி 200 எழுத்தை வீணாக்குகிறார்கள். அந்த இடத்தில் நீங்கள் சொன்ன வாலி தூணை எழுதட்டும்.

தாரை மண்டபம்
எழுதட்டும், ஆனால் டேப் எடுத்துப் போய் அளந்துவிட்டு எழுதட்டும். எங்கே நின்றால் ராமர் மறைகிறார், அங்கிருந்து தூண் எத்தனை அடி, பார்ப்பவரின் கண் உயரம் என்ன, இந்த மூன்றும் வேண்டும். கோயில் மேற்கு பார்த்தது. மாலையில் போனால் வெளிச்சம் சாய்வாக விழும், செதுக்கின ஆழம் நன்றாகத் தெரியும்.