பாப்பாவுக்கு முதல் கிரெடிட் கார்டு

குழு: நம்ம குடும்பம்

நான்: சித்தப்பா, ஒரு சந்தேகம். சம்பளம் வர்ற பேங்க்லயே கிரெடிட் கார்டு கேட்டேன், இல்லன்னுட்டாங்க. சிபில்ல (நம்ம கடன் கணக்கைப் பார்த்து மார்க் போடற கம்பெனி) பார்த்தா -1ன்னு காட்டுது. நான் கடனே வாங்கினதில்லையே?

சித்தப்பா: அதனாலதான்ம்மா -1. உன்னைப் பத்தி அவங்ககிட்ட ஒரு வரிகூட இல்லன்னு அர்த்தம். பயப்படாதே. கடன் வாங்கித் திருப்பின கணக்கு இருந்தாத்தான் 300-லேர்ந்து 900 வரைக்கும் மார்க் போடுவாங்க. 750 தாண்டிட்டா பேங்க்ல மரியாதையே வேற.

அம்மா: கார்டே எதுக்கு தம்பி? கையில இருக்கறதை வெச்சு செலவு பண்ணாப் போதாதா?

அண்ணன்: சித்தி, நாளைக்கு வீட்டு லோனுக்குப் போனா பேங்க்ல இந்த மார்க்கைத்தான் முதல்ல பார்ப்பாங்க. பாப்பா, நாலு ஆப்ல அப்ளை பண்ணி விடு. ஏதாவது ஒண்ணு கிடைக்கும்.

சித்தப்பா: டேய், அதை மட்டும் சொல்லாதே. அப்ளை பண்ற ஒவ்வொரு தடவையும் பேங்க் இவ கடன் ரிப்போர்ட்டை எடுக்கும், எடுத்தது பதிவாகும். ஒரே மாசத்துல நாலு பேங்க் பார்த்திருந்தா, அஞ்சாவது பேங்க்காரன் ‘இந்தப் பொண்ணுக்கு என்ன இவ்ளோ பணமுடை’ன்னு யோசிப்பான். நாமளே நம்மளுதைப் பார்த்தா மார்க் குறையாது. சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபேக்ஸ், கிரிஃப் ஹைமார்க்னு கடன் கணக்கு வெச்சிருக்கற நாலு கம்பெனியும் வருஷத்துக்கு ஒரு முழு ரிப்போர்ட் இலவசமாத் தரணும். ரிசர்வ் வங்கி உத்தரவு.

அண்ணன்: அப்ப என் கார்டுலயே இவளுக்கு ஒரு ஆட்-ஆன், அதான் கூடுதல் கார்டு, போட்டுத் தரட்டுமா?

சித்தப்பா: கணக்கு உன் பேர்லதானே ஓடும்? மார்க்கும் உனக்குத்தான்.
பாப்பா, நீ எஃப்டி (ஃபிக்ஸட் டெபாசிட்) மேல கார்டு கேளு.

நான்: எஃப்டியை உடைக்கணுமா?

சித்தப்பா: வேண்டாம். அது பாட்டுக்கு வட்டி ஏறிட்டு இருக்கும், பேங்க் அதை ஈடா வெச்சுக்கும். 25,000 போட்டா பெரும்பாலும் 20,000 கிட்ட லிமிட் வரும்.

அத்தை: தம்பி, நான் நகையை வெச்சு வாங்கறேனே, அதெல்லாம் இதுல வருமா?

சித்தப்பா: பேங்க்ல வெச்சா வரும்க்கா. கடைவீதி அடகுக்கடையில வெச்சா வராது.

அத்தை: பேங்க்லதான் வெக்கறேன். ஒரு தவணை தவறினதில்ல!

அம்மா: கார்டுக்கு வட்டி எவ்வளவுன்னு யாரும் சொல்லலையே.

சித்தப்பா: முழுசாக் கட்டினா ஒரு பைசா கிடையாது அண்ணி.
பாப்பா, இதை நிதானமாப் படி. பில்லுல ரெண்டு தொகை போட்டிருப்பாங்க. மொத்த பாக்கி 18,400ன்னு வெச்சுக்கோ. பக்கத்துலயே ‘மினிமம் ட்யூ’, அதாவது குறைஞ்சது கட்ட வேண்டியது, 920ன்னு இருக்கும். 920 கட்டினா லேட் ஃபீஸ் வராது, சிபில்லயும் தாமதம்னு விழாது. அதுலதான் பிள்ளைங்க ஏமாந்துடறாங்க. மீதி 17,480-க்கு மாசம் மூணரை சதவீதம்னா 610 ரூபாய்க்கு மேல வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி. ரெண்டும் சேர்ந்து 720 ரூபாய் ஆச்சு. நீ கட்டின 920-ல அசலுக்குப் போனது வெறும் 200. பாக்கி தீர்ற வரைக்கும் புதுசா வாங்கற பொருளுக்கும் வாங்கின அன்னைக்கே வட்டி ஆரம்பிச்சுடும். நான் பேங்க் லோன் செக்‌ஷன்ல இருந்தப்ப என் மேஜை முன்னாடி உக்காந்து கண் கலங்கின பிள்ளைங்க நிறையப் பேர் இந்த மினிமம் ட்யூ கட்டிக் கட்டி வந்தவங்கதான்.

அம்மா: மூணரை வட்டியா! ரெண்டு வட்டிக்கு வாங்கவே நாம யோசிப்போமே.

நான்: பேங்க் கணக்குலேர்ந்து தானாவே பில் கட்டற ஆட்டோ டெபிட்ல முழுத் தொகைன்னு போட்டுடறேன் சித்தப்பா.

சித்தப்பா: அதைத்தான் சொல்ல வந்தேன். ஃபார்ம்ல மொத்தமா மினிமமான்னு கேப்பாங்க, பார்த்து டிக் பண்ணு. 20,000 லிமிட்னா 6,000-க்குள்ள செலவை நிறுத்து. அந்தக் கார்டை ஏடிஎம்ல போட்டுடாதே, எடுத்த அன்னைக்கே கட்டணமும் வட்டியும் விழும்.

அண்ணன்: மார்க் எப்ப வரும்?

சித்தப்பா: ஆறு மாசம் ஒழுங்கா ஓடட்டும். 2025 ஜனவரிலேர்ந்து 15 நாளைக்கு ஒரு தடவையாவது பேங்க் இந்தக் கம்பெனிகளுக்கு விவரம் அனுப்பியாகணும். முன்ன மாதிரி மாசக் கணக்குல காத்துக் கிடக்க வேண்டாம்.

நான்: சனிக்கிழமை போகட்டுமா?

சித்தப்பா: ரெண்டாவது சனி, பேங்க் லீவு. வெள்ளிக்கிழமை காலையில பர்மிஷன் போட்டுட்டு வா. பான், ஆதார் மறக்காதே. நானும் கூட வரேன்.

அத்தை: என்னையும் கூட்டிட்டுப் போங்க. என் மார்க்கை நானும் பார்க்கணும்.