டப் கேட்க ஆரம்பித்திருக்கிறேன், அடுத்து எது?

வணக்கம். பாப் மார்லியைத் தாண்டி நான் ஜமைக்காவின் ரெகே இசைப் பக்கம் போனதில்லை. போன மாதம் பர்னிங் ஸ்பியரின் 'மார்கஸ் கார்வி' (1975) கேட்டேன், அப்புறம் அதன் டப் வடிவமான, அதாவது அதே பதிவை ஸ்டுடியோவில் பிரித்து மறுபடி மிக்ஸ் செய்த, 'கார்வீஸ் கோஸ்ட்'. அதே பாட்டுகள்தான். ஆனால் குரல் எட்டிப் பார்த்துவிட்டு எதிரொலியில் கரைந்துபோகிறது, பேஸும் டிரம்மும் மட்டும் மிச்சம். அன்றிலிருந்து பைத்தியம் பிடித்துவிட்டது.

அகஸ்டஸ் பாப்லோவின் 'கிங் டப்பீஸ் மீட்ஸ் ராக்கர்ஸ் அப்டவுன்' ஆல்பமும் கேட்டாயிற்று. பள்ளிப் பிள்ளைகள் ஊதும் மெலோடிகாவில் இத்தனை சோகமா! மிக்ஸ் செய்த கிங் டப்பி, கிங்ஸ்டனில் மின்கருவிகள் பழுது பார்த்தவராம். கேட்டால் நம்பத்தான் தோன்றுகிறது.

சிக்கல் தி காங்கோஸின் 'ஹார்ட் ஆஃப் தி காங்கோஸ்' (1977) ஆல்பத்தில். எனக்குக் கிடைத்த பிரதி ஜமுக்காளம் போர்த்தியதுபோல் மங்கலாக ஒலிக்கிறது. தயாரிப்பாளர் லீ பெர்ரி தன் பிளாக் ஆர்க் ஸ்டுடியோவில் நான்கு டிராக் (நான்கே ஒலித்தடங்கள் கொண்ட) கருவியில் பதிவு செய்ததால் அப்படியா, இல்லை பிரதியின் கோளாறா? எந்த மறுபதிப்பு நல்லது?

பாட்டும் டப்பும் ஜோடியாகக் கிடைக்கும் ஆல்பங்கள் வேறு இருந்தாலும் சொல்லுங்கள். எழுபதுகள் போதும், எண்பதுகளின் டிஜிட்டல் சத்தம் எனக்கு ஒட்டவில்லை.