சி.ஐ. (வேதி அயனியாக்க) ஸ்பெக்ட்ரத்தில் 279, 307, 319: எது மூலக்கூறு எடை?

கேள்வி

வணக்கம். முதுகலை ஆய்வுக்காக ஓர் இலையின் ஹெக்சேன் சாற்றை ஜி.சி.-எம்.எஸ்.-இல் (சேர்மங்களைப் பிரித்து நிறையை அளக்கும் கருவி) போட்டேன். ஒரு பெரிய பீக்கில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். 70 எலக்ட்ரான் வோல்ட் இ.ஐ.யில் (எலக்ட்ரானால் அடித்து அயனியாக்கும் முறை) 149 என்ற நிறை எண் மட்டும் கோபுரம் மாதிரி எழுகிறது. 205, 223 ரொம்பச் சின்னவை. அதற்கு மேல் நம்பும்படி எதுவும் இல்லை. கருவியின் ஸ்பெக்ட்ரம் லைப்ரரியில் தேடினால் ஏழெட்டு தாலேட் எஸ்டர்கள், எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே மதிப்பெண்.

மூலக்கூறு எடையாவது தெரியட்டும் என்று மீத்தேன் வைத்து சி.ஐ. ஓட்டினேன். 149, 205, 279, 307, 319 வந்தன. கடைசியில் வருவதுதான் புரோட்டான் ஏறிய மூலக்கூறு என்றால் எடை 318. அதற்கு எந்தச் சேர்மமும் பொருந்தவில்லை. சி.ஐ. மூலக்கூறை உடைக்காது என்று படித்தேனே, பிறகு 149 ஏன் இன்னும் முதலிடத்தில்? இரண்டு வாரம் போய்விட்டது. தெரிந்தவர்கள் உதவுங்கள்.

பதில் 1

நண்பரே, கடைசி எண்ணை விடுங்கள், இடைவெளிகளைப் பாருங்கள். 279-க்கும் 307-க்கும் நடுவே 28. 279-க்கும் 319-க்கும் நடுவே 40. மீத்தேன் போட்டுச்செல்லும் கையெழுத்து இதுதான்.

அயனி மூலத்தில் மீத்தேன் சுமார் 1 டார் அழுத்தத்தில் நிறைந்திருப்பதால், எலக்ட்ரான்கள் உங்கள் சேர்மத்தை விட்டு மீத்தேனைத்தான் அடிக்கின்றன. அதிலிருந்து 17, 29, 41 என்ற அயனிகள் பிறக்கின்றன. 17 தன் புரோட்டானை உங்கள் மூலக்கூறிடம் கொடுத்துவிட்டு மறுபடி மீத்தேன் ஆகிவிடும்; அது எம்+1 (எம் என்பது மூலக்கூறு எடை). 29-ம் 41-ம் சில சமயம் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவை எம்+29, எம்+41. 278-ஐ வைத்துக் கூட்டிப் பாருங்கள், மூன்றும் அச்சாக விழும். எடை 278. தனியாக ஓர் உச்சி மட்டும் வந்திருந்தால் நான் இப்படி அடித்துச் சொல்லமாட்டேன். ஹைட்ரைடு பறிபோன எம்-1 ஆகவும் அது இருக்கலாம்.

சி.ஐ. மென்மையா என்பது வாயுவைப் பொறுத்தது. மீத்தேனின் புரோட்டான் நாட்டம் (புரோட்டானைப் பிடித்துவைக்கும் வலிமை) மோலுக்கு சுமார் 544 கிலோஜூல்தான், அம்மோனியாவுக்கு சுமார் 854. மீத்தேனிலிருந்து புரோட்டான் தாவும்போது மிச்ச ஆற்றலில் பெரும்பகுதி மூலக்கூறுக்குள் போய் அதை உடைக்கிறது. உடைந்ததும் நல்லதற்கே: 279-இலிருந்து 205-க்கு 74, அதாவது பியூட்டனால். 205-இலிருந்து 149-க்கு 56, பியூட்டீன். ஆக இரண்டு பியூட்டைல் தொகுதிகள். அம்மோனியாவில் ஒருமுறை ஓட்டுங்கள், அம்மோனியம் அயனி (18) ஒட்டிய 296 வர வேண்டும்.

பதில் 2

மேலே சொன்னது சரி. ஆனால் எடை தெரிந்தால் சேர்மம் தெரிந்துவிட்டதாக ஆகாது. டைபியூட்டைல் தாலேட், டைஐசோபியூட்டைல் தாலேட் இரண்டுமே 278. சி.ஐ. இவற்றைப் பிரித்துக் காட்டாது. இரண்டின் ஸ்டாண்டர்டையும் (தூய மாதிரியையும்) செலுத்தி, வெளிவரும் நேரத்தை ஒப்பிடுங்கள்.

கருவியை ட்யூன் செய்யும்போது மீத்தேனின் 17-ம் 29-ம் ஏறக்குறைய சமமாகவும் 41 சிறிதாகவும் இருந்தனவா? 19 உயர்ந்திருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

அதைவிட முக்கியமாக ஒன்று கேட்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம்: பிளாங்க் ஓட்டினீர்களா? இலையே இல்லாமல், அதே ஹெக்சேன், அதே பாத்திரங்கள், அதே படிகள். தாலேட்டுகள் பிளாஸ்டிக்கை மென்மையாக்கச் சேர்ப்பவை; 149-ஐப் பார்த்தாலே என் கண் முதலில் பிளாஸ்டிக்கைத்தான் தேடும்.

கேட்டவர்

மூன்று நாள் கழித்து வருகிறேன். அம்மோனியாவில் 279, 296 இரண்டும் வந்தன. ஸ்டாண்டர்டுடன் நேரம் பொருந்தியது, டைபியூட்டைல்தான். பிறகு பிளாங்க். அதே நிமிடத்தில் அதே பீக், உயரம்கூடக் குறையவில்லை. சாற்றை உலர்த்த நைட்ரஜன் விட்ட மெல்லிய பி.வி.சி. குழாய்தான் காரணம். டெஃப்லான் குழாய் மாற்றியதும் பீக் தரையோடு தரையாகிவிட்டது. அறிக்கையில் இதை இலையின் சேர்மமாக எழுதப் போயிருந்தேன். இருவருக்கும் மனமார்ந்த நன்றி.

இன்னொன்று: அந்த இடத்திலேயே, இத்தனை நாள் அதன் அடியில் மறைந்திருந்த ஒரு சின்ன பீக் இப்போது தெரிகிறது. அம்மோனியாவில் 274.

பதில் 1

274-இல் 18 போக 256. பழைய இ.ஐ. கோப்பு வேண்டாம், புது ஓட்டத்தில் பாருங்கள். 60-ம் 73-ம் ஓங்கி நிற்கின்றனவா?

கேட்டவர்

ஆமாம், இரண்டும் இருக்கின்றன. 129-ம் இருக்கிறது. 256 இ.ஐ.யிலேயே தெரிகிறது. பிளாங்க்கில் அந்த இடம் காலி.

பதில் 1

அப்படியானால் பால்மிடிக் அமிலமாக (256 எடையுள்ள கொழுப்பு அமிலம்) இருக்கும். மெத்தில் எஸ்டராக மாற்றி ஓட்டுங்கள், 270-க்கு நகர வேண்டும். இது உங்கள் இலையிலிருந்து வந்ததுதான்.