ஒரு போன் வைஃபையில சேர்ந்தாலே வீட்டு நெட் முழுசும் படுத்துடுது, எங்கே பார்க்கிறது?

முத்தியால்பேட்டை22:
புதுச்சேரி, பழைய வீடு. திண்ணை, ஹால், முற்றம், கடைசியில அடுப்படி. ஹால்ல இருந்து அடுப்படி 18 மீட்டர் இருக்கும். ரவுட்டர் ஹால்ல டிவிக்குப் பின்னாடி, பக்கத்துல ஸ்டீல் பீரோ. ஸ்பீட் டெஸ்ட்ல டவுன்லோட் 50, அப்லோட் 10 எம்பிபிஎஸ் வருது. அம்மாவோட ஆண்ட்ராய்டு போன் வைஃபையில இருந்தா டிவி சுத்திக்கிட்டே நிக்குது, லேப்டாப்ல மீட்டிங் அறுந்துடுது. அந்த போன்ல வைஃபையை அணைச்சா அரை நிமிஷத்துல எல்லாம் சரி. ரவுட்டர் ரீஸ்டார்ட், வைரஸ் ஸ்கேன் ரெண்டும் பண்ணியாச்சு. போனை ஃபேக்டரி ரீசெட் பண்ணிடலாமா?

கெடிலக்கரை:
ரீசெட் வேண்டாங்க. முடிச்சிட்டு அதே ஜிமெயிலைப் போட்டா அதே வேலைதான் திரும்ப ஓடும். பெரிய பிளானுக்கும் மாறிடாதீங்க. கோளாறு வீட்டுக்குள்ள காத்துலயா, வெளியே போற லைன்லயான்னு முதல்ல பிரிக்கணும்.

லேப்டாப்பை ரவுட்டர் இருக்கிற ஹால்லயே வைங்க. கமாண்ட் விண்டோ ரெண்டு திறந்து, ஒண்ணுல ரவுட்டருக்கு (பெரும்பாலும் 192.168.1.1), இன்னொண்ணுல 8.8.8.8க்கு (வெளியே இருக்கிற கூகுள் சர்வர்) பிங் ஓட விடுங்க, அதாவது சின்ன பாக்கெட் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகுதுன்னு பார்க்கிறது. போன் வைஃபை ஆஃப்ல ஒரு நிமிஷம், போன் ஹால்ல இருக்கும்போது ஒரு நிமிஷம், அடுப்படியில இருக்கும்போது ஒரு நிமிஷம். ரவுட்டர் பிங் 2–10 மில்லிசெகண்டுக்குள்ள நின்னு 8.8.8.8 மட்டும் எகிறினா லைன் அடைச்சிருக்கு. ரவுட்டர் பிங்கே எகிறினா வைஃபை காத்து அடைச்சிருக்கு. அப்படியே போன்ல வைஃபை பெயரைத் தொட்டு உள்ளே போய் லிங்க் ஸ்பீடு (போனுக்கும் ரவுட்டருக்கும் நடுவுல ஓடுற வேகம்) எவ்வளவுன்னும் பாருங்க.

ஓ.டி. கடலூர்:
கூகுள் காஸ்ட் (போன்ல இருந்து டிவிக்குப் படம் அனுப்புற வசதி) கோளாறா இருக்குமோ? தூங்கி எழுந்த ஆண்ட்ராய்டு போன் எம்டிஎன்எஸ் பாக்கெட்டை (வீட்டு நெட்ல டிவி மாதிரி கருவிகளைத் தேடுற செய்தி) மொத்தமா கொட்டி ரவுட்டரையே தொங்க வெச்சதே.

கெடிலக்கரை:
அது 2018 ஜனவரி கதை சார். அதே மாசம் கூகுள் ப்ளே சர்வீசஸ் (ஆண்ட்ராய்டுல பின்னாடி ஓடுற கூகுள் ஆப்) அப்டேட்ல சரி பண்ணிட்டாங்க. ப்ளே சர்வீசஸ் அப்டேட்டே ஆகாத போனா இருந்தா மட்டும் யோசிக்கலாம்.

முத்தியால்பேட்டை22:
பார்த்தாச்சு. போன் ஆஃப்: ரவுட்டர் 3, வெளியே 18. போன் ஹால்ல, வைஃபையோட 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில: ரவுட்டர் 4, வெளியே 700ஐத் தாண்டுது. போன் அடுப்படியில: அது 2.4க்கு மாறிடுது, லிங்க் ஸ்பீடு 6 எம்பிபிஎஸ், லேப்டாப்பும் 2.4லதான். ரவுட்டர் பிங்கே 150–250. ரெண்டு இடத்துல ரெண்டு விதமா வருதே?

கெடிலக்கரை:
ரெண்டு கோளாறு இருக்கு, அதான்.

ஹால்ல நடக்கிறது அப்லோட் அடைப்பு. கூகுள் போட்டோஸ் பேக்கப் ஓடுதான்னு பாருங்க. 4கே வீடியோ நிமிஷத்துக்கு 350 எம்பின்னு வெச்சுக்கிட்டாலும், பத்து நிமிஷ வீடியோ 3.5 ஜிபி. 10 எம்பிபிஎஸ் லைன்ல ஏற முக்கால் மணி நேரத்துக்கு மேல ஆகும். அதுவரைக்கும் மோடத்துக்குள்ள க்யூ நிக்குது. 1 எம்பி பஃபர் (பாக்கெட் காத்திருக்கிற இடம்) நிறைஞ்சா காலியாக 0.8 வினாடி, உங்க 700 அங்கிருந்துதான் வருது. டிவி கேட்கிறது டவுன்லோட்தான், ஆனா ‘வந்து சேர்ந்தது’ன்னு அது திருப்பி அனுப்பும் சின்ன பாக்கெட்டும் அதே க்யூவுலதான் நிக்கணும். அதனால 50 இருந்தும் பயனில்ல.

அடுப்படியில நடக்கிறது வேற. ஒரு சேனல்ல ஒரு நேரத்துல ஒருத்தர்தான் பேச முடியும். 1500 பைட் பாக்கெட் 72 எம்பிபிஎஸ்ல போக 0.17 மில்லிசெகண்ட், 6 எம்பிபிஎஸ்ல 2, 1 எம்பிபிஎஸ்ல 12. பால் பூத் வரிசையில முன்னாடி நிக்கிறவர் சில்லறையை ஒவ்வொண்ணா எண்ணிக் கொடுத்தா பின்னாடி பத்து பேர் நிக்கிற மாதிரிதான். போன் அனுப்புற டேட்டா கம்மி, பிடிச்சு வெச்சிருக்கிற நேரம் அதிகம்.

முதல்ல பேக்கப்பை நிறுத்துங்க: போட்டோஸ்ல ப்ரொஃபைல் படம், செட்டிங்ஸ், பேக்கப். ராத்திரி படுக்கும்போது ஆன் பண்ணி, போனை ஹால்லயே சார்ஜ்ல போடச் சொல்லுங்க. வாட்ஸ்அப் சாட் பேக்கப்ல வீடியோ சேர்க்கிறதையும் எடுத்துடுங்க. டிவியும் லேப்டாப்பும் ஹால்ல இருக்கிறதால ரெண்டையும் 5க்கு மாத்தினா அடுப்படிச் சண்டையில இருந்து உடனே தப்பிக்கும்.

லாஸ்பேட்டை லேன்:
தினமும் ஆன் ஆஃப் பண்ண அம்மாவுக்கு அலுக்கும். ரவுட்டர்ல பேண்ட்விட்த் கன்ட்ரோல் இருந்தா அந்த போனுக்கு அப்லோட் 5 எம்பிபிஎஸ்னு வரம்பு போடுங்க. விதி மேக் முகவரியை (நெட்வொர்க்ல கருவியோட அடையாள எண்) வெச்சு வேலை செய்யும். ஆண்ட்ராய்டு 10ல இருந்து போன் ரேண்டம் மேக் காட்டும், அதனால உங்க வைஃபைக்கு மட்டும் பிரைவசியில ‘டிவைஸ் மேக்’ தேர்ந்தெடுத்துட்டு அப்புறம் போடுங்க. இல்லன்னா என்னைக்காவது முகவரி மாறி விதி சும்மா கிடக்கும்.

ரவுட்டரை பீரோ பக்கத்துல இருந்து எடுங்க, இரும்பு சிக்னலை அடிச்சுத் திருப்பிடும். முற்றத்தைப் பார்த்த மாதிரி ஆள் உயரத்துக்கு மேல வைங்க. செங்கல் சுண்ணாம்புச் சுவர் தடிமனுக்கு 5 தாண்டாது, திறந்த முற்றம் வழியா கொஞ்சம் போகும். 2.4ல சேனல் அகலம் 20 மெகாஹெர்ட்ஸ், வைஃபை மோட் ஜி/என் மட்டும். பழைய பி மோடை எடுத்தா 1 எம்பிபிஎஸ் பேச்சே இருக்காது, ரொம்பப் பழைய கருவி இருந்தா மட்டும் சேராது.

நிரந்தரமா தீரணும்னா அடுப்படிக்குக் கேபிள் இழுக்கணும். சாதாரண ரிப்பீட்டர் வாங்காதீங்க, ஒரே சேனல்ல வாங்கி அதுலயே திருப்பி அனுப்பி பாதி நேரத்தைத் தின்னுடும். வீட்டுல பழைய ரவுட்டர் கிடந்தா போதும். அதோட ஐபியை 192.168.1.2ன்னு மாத்தி, டிஹெச்சிபி (கருவிகளுக்கு ஐபி கொடுக்கிற வேலை) ஆஃப் பண்ணி, கேபிளை அதோட லேன் போர்ட்ல செருகுங்க. வேன் போர்ட்ல (இன்டர்நெட் லைன் செருகுற துளை) செருகினா அது தனி நெட்வொர்க் ஆயிடும், டிவிக்கு காஸ்ட் பண்ண முடியாது. வைஃபை பெயரும் பாஸ்வேர்டும் ஒண்ணா இருக்கட்டும், 2.4 சேனல் ஹால்ல 1, அடுப்படியில 11.

ஓ.டி. கடலூர்:
கேபிள் வாங்கும்போது முழுத் தாமிரமான்னு கேளுங்க. விலை கம்மின்னு கொடுக்கிறது அலுமினியத்துக்கு மேல தாமிரம் பூசினதா இருக்கும், மடக்கினா உடையும். நுனியைச் சுரண்டினா வெள்ளையா தெரியும். மாடி வழியா போனா பிவிசி பைப்புக்குள்ள விடுங்க, ஜாக் வீட்டுக்குள்ளதான் வரணும். நம்ம பக்கம் கடல் காத்துக்கு வெளியே வெச்ச ஜாக் பச்சை பூத்துடும், அப்புறம் மறுபடி போன் மேலதான் பழி விழும்.

முத்தியால்பேட்டை22:
பேக்கப்தான். 41 ஜிபி பாக்கின்னு காட்டுது. நிறுத்தினதும் ஹால்ல வெளியே பிங் 19. டிவியை 5க்கு மாத்திட்டேன். கேபிளுக்கு வளைவெல்லாம் சேர்த்து 25 மீட்டர் போதுமா?

லாஸ்பேட்டை லேன்:
30 வாங்குங்க. ரெண்டு முனையிலயும் ஒரு மீட்டர் சுருட்டி விடணும், ஜாக் கெட்டா வெட்டிட்டு திரும்ப புது ஜாக்கை க்ரிம்ப் பண்ண (அழுத்திப் பொருத்த).